இசைக் கலைஞர்களின் கையொப்பம் உண்மையானதா என்று யாரிடம் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் பழைய இசைத்தட்டுகளையும் கசெட்டுகளையும் பாடகர்களின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவற்றுள் சிலவற்றில் கையொப்பம் இருக்கும். அண்மைக் காலமாக அப்படியான பொருட்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் விலை பேசப்படுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மேற்கத்திய கலைஞர்களின் கையொப்பமிட்ட பொருட்களை வாங்கி அனுப்புவதும் நடக்கிறது. பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவன் என்ற முறையில், "இது அவர் போட்டதுதானா?" என்று கேட்டுப் பலர் என்னிடம் பொருட்களைக் காட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கையொப்பத்தை உறுதிப்படுத்துவது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கலைஞர் பேனாவைப் பிடித்து ஒப்பமிட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவரைத் தவிர வேறு எவராலும் அது உண்மையானது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. நிபுணர் தருவது ஓர் அபிப்பிராயம் மட்டுமே. அதே கலைஞர் அதே காலப்பகுதியில் இட்ட, சந்தேகத்துக்கு இடமில்லாத வேறு கையொப்பங்களை அருகில் வைத்து, எழுத்தின் சாய்வு, பேனாவின் வேகம், அழுத்தம் கூடிக் குறையும் இடங்கள், எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் விதம் ஆகியவற்றை ஒப்பிடுகிறார்கள். அதன் பின்னர் மையும் தாளும் அந்தக் காலத்துக்குரியவையா என்றும், பொருள் கைமாறி வந்த கதை பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இருபது வயதில் ஒருவர் இடும் கையொப்பமும் அறுபது வயதில் இடும் கையொப்பமும் ஒன்றாக இருப்பதில்லை. மேடைக்குப் பின்னால் நூறு பேருக்கு நின்றுகொண்டே இடும் ஒப்பம், ஒப்பந்தப் பத்திரத்தில் இடும் ஒப்பத்தைவிடச் சுருங்கியிருக்கும். ஆகவே ஒருவருடைய அபிப்பிராயத்தின் பெறுமதி, அவரிடம் உண்மையான மாதிரிகள் எத்தனை உள்ளன, அவை எந்தக் காலத்தவை, எவ்வகைச் சந்தர்ப்பத்தில் இடப்பட்டவை என்பதிலேயே தங்கியிருக்கிறது. யாரை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எவற்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லாதவருடைய சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பொருளோடு சான்றிதழ் தருகிறார்கள். அது போதாதா?

சான்றிதழ் என்பது ஒரு கடதாசி. அதை எழுதியவர் யார், பொருள் போலி என்று தெரியவந்தால் அவருக்கு என்ன நட்டம் என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கடதாசிக்கு மதிப்பில்லை. விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ், அவர் வாயால் சொன்னதை எழுத்தில் தருகிறது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

1990 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. 'ஒப்பரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கையொப்பக் கும்பலைப் பிடித்தது. விளையாட்டு வீரர்களின் கையொப்பங்களே அங்கு அதிகம் என்றாலும், பிற பிரபலங்களின் பெயர்களும் இருந்தன. அந்தக் கும்பல் ஒப்பங்களைப் போலியாக இட்டதோடு நிற்கவில்லை. அவற்றை "உண்மை" என்று உறுதிப்படுத்திச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்களும் அந்த வலையமைப்புக்குள் இருந்தார்கள். சான்றிதழை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள்.

கெட்ட நோக்கமில்லாத இடத்திலும் தவறு நடக்கும். 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் கையால் ஒப்பமிட்டது என்று சொல்லி அவருடைய நூலின் சிறப்புப் பிரதிகள் ஒவ்வொன்றும் 599 டொலருக்கு விற்கப்பட்டன. பதிப்பகத்தின் தலைவர் ஒப்பமிட்ட உறுதிக் கடிதமும் கூடவே வந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படம் எடுத்து இணையத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, பல கையொப்பங்கள் கோட்டுக்குக் கோடு ஒரே மாதிரி இருந்தன. அவை ஒப்பமிடும் இயந்திரத்தால் இடப்பட்டவை என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தத் தவறை வெளிக்கொணர்ந்தது எந்த நிறுவனமும் அன்று, பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த சாதாரண சேகரிப்பாளர்கள் என்பதை நான் அடிக்கடி நினைவூட்டுவேன்.

அப்படியானால் எந்த நிறுவனங்களை நம்பலாம்?

மேற்கத்திய இசைக் கலைஞர்களைப் பொறுத்தவரை, விற்பனையில் தொடர்பில்லாமல் கட்டணம் பெற்று அபிப்பிராயம் சொல்லும் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்பவரின் பெயரால் அமைந்த ஜே.எஸ்.ஏ., பெக்கெற் ஆகிய மூன்றையும் பெரும்பாலான ஏல நிலையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இவை விளையாட்டு வீரர்களின் அட்டைகளையும் கையொப்பங்களையும் பார்த்துப் பெயர்பெற்றவை என்பதை மறக்க வேண்டாம். இசைக்கு இசைக் கலைஞர்களின் கையொப்பங்களையே படித்தவர்களைத் தேடுவது நல்லது. ரொக் இசைக் கையொப்பங்களுக்கு றொஜர் எப்பர்சன் என்பவரும், பீற்றில்ஸ் என்ற ஆங்கில இசைக் குழுவினரின் கையொப்பங்களுக்கு பிராங்க் கயாசோ என்பவரும் பல ஆண்டுகளாக அறியப்பட்டவர்கள். ஒரே ஒரு குழுவின் கையெழுத்தையே வாழ்நாள் முழுவதும் பார்த்தவருடைய கண்ணுக்கும், எல்லாருடையதையும் பார்ப்பவருடைய கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு.

பீற்றில்ஸ் விடயத்தில் அந்த வித்தியாசம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் சொல்கிறேன். அவர்கள் புகழின் உச்சியில் இருந்த நாட்களில் குவிந்த கோரிக்கைகளுக்கு அவர்களுடைய உதவியாளர்களான நீல் அஸ்பினோலும் மால் எவன்சும் நால்வர் பெயரிலும் ஒப்பமிட்டுக் கொடுத்தார்கள். குழுவினரும் சில வேளைகளில் ஒருவருக்காக இன்னொருவர் ஒப்பமிட்டார்கள். அந்தத் தாள்கள் 1963 ஐயோ 1964 ஐயோ சேர்ந்த அசல் தாள்களே. மையும் அந்தக் காலத்து மையே. கொடுத்தவர்களும் குழுவோடு இருந்தவர்களே. இருந்தும் அவை பீற்றில்ஸ் கையொப்பங்கள் அல்ல. அஸ்பினோலின் கை எது, எவன்சின் கை எது என்று தெரிந்தவரே அதைப் பிரித்தறிவார். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரில் அவருடைய செயலாளர்கள் ஒப்பமிட்ட படங்களும் இதே வகையின.

யூ.ஏ.சி.சி. என்ற சேகரிப்பாளர் சங்கம் 1965 இல் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் அப்ரல் என்ற வணிகர் சங்கம் உள்ளது. இவற்றில் பதிவுபெற்ற வணிகர் என்றால் அவர் ஓர் ஒழுக்கக் கோவைக்குக் கட்டுப்பட்டவர், முறைப்பாடு செய்ய ஓர் இடம் இருக்கிறது என்று பொருள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் விற்கும் ஒவ்வொரு பொருளையும் சங்கம் பரிசோதித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறுவனத்தின் ஸ்டிக்கரும் இலக்கமும் பொருளில் ஒட்டப்பட்டிருக்கின்றன. இனிப் பிரச்சினை இல்லைத்தானே?

ஸ்டிக்கரையும் போலியாக அச்சிடுகிறார்கள். இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து தேடுங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பின் வழியாகப் போகாதீர்கள். அங்கே படம் இருந்தால் அதிலுள்ள கையொப்பத்தையும் உங்கள் கையிலுள்ளதையும் ஒப்பிட வேண்டும். உண்மையான பொருளுக்கு வழங்கப்பட்ட இலக்கத்தைப் பிறிதொரு பொருளில் ஒட்டி விற்பது பழைய தந்திரம். இதனால்தான் சிறிய அட்டையைவிட, பொருளின் படத்தோடு வரும் முழுக் கடிதம் பயனுள்ளது. நிறுவனத்தின் ஆள் நேரில் நின்று பார்த்தபோது இடப்பட்ட கையொப்பங்களுக்குத் தனி வகைச் சான்று உண்டு. எல்லாவற்றிலும் உறுதியானது அதுவே.

இளையராஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சீர்காழி கோவிந்தராஜன் போன்றவர்களின் கையொப்பத்தை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். முதற் கேள்விக்கான பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். எல்விசின் ஆயிரக்கணக்கான கையொப்பங்களைப் பார்த்த ஒருவர், தமிழ்த் திரையிசைப் பாடகர் ஒருவர் 1970 களில் தமிழ் எழுத்தில் இட்ட ஒப்பத்தை எதனோடு ஒப்பிடுவார்? மாதிரி இல்லாத இடத்தில் நேர்மையான நிறுவனம் "முடிவு சொல்ல இயலாது" என்று திருப்பி அனுப்பும். அனுப்பிய செலவு உங்களுடையது. நேர்மை குறைந்த நிறுவனம் ஏதோவொரு சான்றிதழைத் தந்துவிடும், அது அதைவிட மோசம்.

நம்முடைய கலைஞர்களுக்கு ஒப்பீட்டு மாதிரிகளை நாமேதான் தேடிச் சேர்க்க வேண்டும். அது முடியாத காரியமில்லை. கலைஞர் ஒப்பமிடுவதைக் காட்டும் காணொளிகள் நிறைய உள்ளன. அவற்றில் கை எங்கே தொடங்குகிறது, எங்கே தூக்குகிறது என்பதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சஞ்சிகைகளில் வாழ்த்துச் செய்திகளும் கடிதங்களும் கையெழுத்தோடு அப்படியே அச்சிடப்பட்டிருக்கும். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய இதழ்களை வீட்டில் இருந்தபடியே புரட்டலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் பேணப்படுகின்றன. 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் கலைஞர்களின் வருகைகளையும் கச்சேரி விளம்பரங்களையும் வெளியிட்டு வந்தவை. "அப்பா மட்டக்களப்புக் கச்சேரியில் வாங்கியது" என்ற கதையில் அந்த ஆண்டில் அந்தக் கச்சேரி நடந்ததா என்பதையாவது அவற்றைக் கொண்டு உறுதிசெய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அச்சில் வந்த கையொப்பம் உங்களுக்குக் கிடைப்பது போலப் போலி செய்பவனுக்கும் கிடைக்கும். உங்கள் பொருளிலுள்ள ஒப்பம் இசைத்தட்டு உறையிலோ சஞ்சிகையிலோ அச்சான ஒப்பத்தின் மேல் வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது என்றால் மகிழாதீர்கள். எந்த மனிதரும் இரண்டு தடவை ஒரே மாதிரி ஒப்பமிடுவதில்லை. அப்படிப் பொருந்துவது அச்சைப் பார்த்து இழுத்த ஒப்பமாகவே இருக்கும்.

காலக் கணக்கும் உதவும். 1976 இல் தன் முதற் படத்துக்கு இசையமைத்த பிறகே இளையராஜா அந்தப் பெயரால் அறியப்பட்டார். அதற்கு முந்திய திகதியோடு அந்தப் பெயரில் ஒப்பம் இருந்தால் கேள்வி எழ வேண்டும். இறுவட்டு (சீடி) 1982 இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே 1977 இல் காலமான எல்விசோ, 1980 இல் கொல்லப்பட்ட ஜோன் லெனனோ, 1981 இல் காலமான பொப் மார்லியோ ஒப்பமிட்ட இறுவட்டு என்று ஒன்று இருக்கவே முடியாது. சீர்காழி கோவிந்தராஜன் 1988 மார்ச்சில் மறைந்தார். அவருடைய பக்திப் பாடல்களின் இறுவட்டு உறையில் அவரது ஒப்பம் என்று யாராவது காட்டினால், அந்த உறை அச்சான ஆண்டை முதலில் பாருங்கள்.

சுவாமி விபுலாநந்தரின் கையெழுத்து என்று சொல்லப்படும் தாள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வி நம்முடைய மண்ணுக்கே உரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காரைதீவில் 1892 இல் பிறந்த அடிகளார் தமிழிசை ஆய்வில் பெற்ற இடம் எல்லாருக்கும் தெரிந்ததே. அவருடைய வாழ்க்கையின் திகதிகள் நன்கு பதிவாகியிருப்பதால், தாளை எவரிடமும் கொண்டுபோவதற்கு முன்பே பல சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம்.

அவருடைய இயற்பெயர் மயில்வாகனன். இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியாக இருந்தபோது பிரபோத சைதன்யர் என்ற பெயர் பெற்றார். விபுலாநந்தர் என்ற பெயர் 1924 இல் துறவு பூண்ட பின்னரே வந்தது. எனவே 1920 ஆம் ஆண்டுத் திகதியிட்ட கடிதத்தில் "விபுலாநந்தர்" என்ற ஒப்பம் இருந்தால் அது உண்மையாக இருக்க வழியில்லை. மயில்வாகனன் என்று இருந்தால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1931 முதல் 1933 வரை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கடிதத்தின் தலைப்பில் உள்ள ஊரும் தபால் முத்திரையும் இவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

அவருடைய தமிழிசை ஆய்வு நூலான யாழ் நூலின் பிரதியில் ஒப்பம் இருப்பதாகச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நூல் 1947 ஜூன் தொடக்கத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகளார் அதே ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி மறைந்தார். இடைப்பட்ட காலம் ஆறு வாரங்களுக்குச் சற்று மேல். அச்சாகிக்கொண்டிருந்த நாட்களில் ஒப்பமிட்டுக் கொடுத்த பிரதி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் காலம் மிகக் குறுகியது. பிற்காலப் பதிப்பில் அவருடைய ஒப்பம் இருக்கவே முடியாது. ஆகவே முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

இவ்வளவும் பொருந்தினால், கல்லடி உப்போடையிலுள்ள இராமகிருஷ்ண மிஷனையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும் அணுகி, அடிகளாரின் எழுத்துகளை ஆராய்ந்தவர்கள் யார் என்று விசாரிப்பதே சரியான வழி. அவர்கள் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் அல்ல; விலை சொல்லும்படி கேட்பதும் முறையன்று. ஆனால் அவருடைய கையெழுத்தைப் பல இடங்களில் பார்த்த ஆய்வாளர் ஒருவர் எழுத்தில் தரும் குறிப்பு, எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரும் பளபளப்பான ஸ்டிக்கரைவிட எனக்குப் பெரிது. அப்படியான தாளை விற்பதற்கு முன், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து ஒரு பிரதியையாவது இங்கே பொது இடமொன்றில் ஒப்படையுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விற்பவர் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அது சட்டபூர்வமான உறுதிதானே?

நம்முடைய பகுதியில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சமாதான நீதவான் உறுதிப்படுத்துவது, இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய இன்னார் தம் முன்னிலையில் இந்தக் கூற்றைச் சத்தியம் செய்து ஒப்பமிட்டார் என்பதை மட்டுமே. பாடகரின் கையொப்பம் உண்மையானது என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நொத்தாரிசின் முத்திரைக்கும் இதே விளக்கம்தான்.

அதற்காகச் சத்தியக் கடதாசியை வேண்டாம் என்று தள்ளிவிடவும் வேண்டாம். கையொப்பத்தை நேரில் வாங்கியவர் உயிரோடு இருந்து, எந்த இடத்தில், எந்த ஆண்டில், யாரோடு போய், எந்தச் சந்தர்ப்பத்தில் வாங்கினார் என்று விவரமாகச் சத்தியம் செய்து தந்தால், அது பொருளின் வரலாற்றுக்கு நல்ல சான்று. "என் மாமா வாங்கியதாகக் கேள்விப்பட்டேன்" என்று மருமகன் செய்யும் சத்தியம் அந்த வகையில் சேராது.

சான்றுகள் எல்லாம் சூறாவளியிலோ சுனாமியிலோ அழிந்துவிட்டன என்கிறார்கள். நம்புவதா?

1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் நம் ஊர்களில் எத்தனை வீடுகளின் ஆவணங்களைக் கொண்டுபோயின என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அப்படிச் சொல்பவரைப் பொய்யர் என்று எடுத்த எடுப்பில் நினைப்பது அநியாயம். இருந்தாலும் எவராலும் மறுத்துப் பேச முடியாத கதை என்பதால், விற்பவருக்கு வசதியான கதையும் அதுவே. கதையை விட்டுவிட்டுப் பொருளிடம் கேளுங்கள்.

கடல்நீரில் நனைந்த தாளில் நீர் ஏறி நின்ற விளிம்பு பழுப்புக் கோடாகத் தெரியும். ஊற்றுப் பேனா மை நனைந்தால் கலங்கிப் பரவும். குமிழ்முனைப் பேனா மை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். தாள் முழுவதும் நனைந்து சுருங்கியிருக்க, நீல ஊற்றுப் பேனாவில் இட்ட ஒப்பம் மட்டும் கலங்காமல் கூர்மையாக நின்றால், அது தாள் காய்ந்த பிறகு எழுதப்பட்டது. மடிப்புகளும் இதையே சொல்லும். ஒப்பமிட்ட பின் தாள் மடிக்கப்பட்டிருந்தால் மடிப்புக் கோட்டில் மை உடைந்து வெளிறியிருக்கும். முன்பே மடிந்திருந்த தாளில் பின்னர் எழுதினால், மடிப்பில் பிய்ந்த நார்களுக்குள் மை இறங்கி இரண்டு பக்கமும் சிறிது ஊறிப் பரவியிருக்கும். பத்தர்மார் நகை பார்க்கப் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

வீட்டிலேயே வேறு எவற்றைப் பார்க்கலாம்?

அந்த உருப்பெருக்கி ஒன்றும், சாய்வாகப் பிடிக்கக்கூடிய ரோர்ச் லைற் ஒன்றும் போதும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கையால் இட்ட மை படத்தின் பளபளப்புக்கு மேல் தனிப் படலமாகக் கிடக்கும். அச்சடித்த ஒப்பம் படத்தோடு ஒரே தளத்தில் மினுங்கும். கல்லடியில் ஒரு வீட்டில் காட்டப்பட்ட பாடகர் படத்தில், வெறுங் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த ஒப்பம் உருப்பெருக்கியில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமான சிறு புள்ளிகளாகப் பிரிந்தது. அது நிறம் சேர்த்து அச்சிட்ட படம். ரசிகர்களுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பப்படுபவை அவ்வகைப் படங்கள். அதை அன்போடு காத்து வைத்திருந்த அம்மாவிடம் அப்படிச் சொல்வது எளிதாக இல்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

குமிழ்முனைப் பேனா தாளில் பள்ளம் விடும். பின்புறத்தைத் தடவினால் உணரலாம். இறப்பர் முத்திரையில் மை கோட்டின் ஓரங்களில் ஒதுங்கி, நடு வெளிறியிருக்கும். இயந்திரம் இட்ட ஒப்பத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம் இருக்கும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா நின்ற புள்ளி தெரியும். பார்த்து இழுத்த போலியில் கோடு தயங்கித் தயங்கிப் போகும், வளைவுகளில் நடுக்கம் இருக்கும். கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று பேனாவின் வயது. குமிழ்முனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு 1945 இல் வந்தது. நார்முனைப் பேனா 1962 இல் ஜப்பானில் உருவானது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஷார்ப்பி மார்க்கர் 1964 இல் வந்தது. 1950 களின் படத்தில் இவ்வகை மார்க்கரால் இட்ட ஒப்பம் இருந்தால், கலைஞர் பின்னாளில் அந்தப் பழைய படத்தில் ஒப்பமிட்டாரா என்று விசாரிக்க வேண்டும். விற்பவர் "அந்தக் காலத்திலேயே போட்டது" என்று சாதித்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நாணயத்தாள் பார்க்கும் புறஊதா விளக்கு கிடைத்தால், தாளை இருட்டில் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே தாளுக்கு வெண்மையூட்டும் இரசாயனங்கள் பரவலாயின. 1930 களின் கடிதம் என்று சொல்லப்படுவது நீலமாக ஒளிர்ந்தால் தாளே பிந்தியது.

தபாலில் எழுதிக் கேட்டு வாங்கியது என்றால்?

தபாலுறையையும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். முத்திரையில் உள்ள திகதி மிகவும் பயன்படும். 2008 இல் பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்த றிங்கோ ஸ்ரார், அந்த ஆண்டு அக்டோபர் 20 க்குப் பிறகு தபாலில் வரும் எதற்கும் ஒப்பமிடப் போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். அதற்குப் பிந்திய தபால் கதையோடு வரும் அவருடைய கையொப்பத்தை நான் வாங்க மாட்டேன்.

காணியுறுதி, காசோலை வழக்குகளில் கையெழுத்துப் பார்க்கும் அரச பரிசோதகரிடம் கொடுக்க முடியாதா?

ஐயத்துக்கிடமான ஆவணங்களின் பரிசோதகர்கள் நீதிமன்றத் தேவைகளுக்காகப் பணிபுரிபவர்கள். வாங்கலாமா விடலாமா என்று தீர்மானிக்க அவர்களை நாட முடியாது. விவகாரம் வழக்காக மாறினால் நிலைமை வேறு.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்துவிட்டேன். எப்படிச் செய்வது?

முதலில் கணக்குப் பாருங்கள். கலைஞரின் கையொப்பம் எவ்வளவு விலைபோகுமோ அதற்கேற்பக் கட்டணமும் ஏறும்; அதன் மேல் போக வரத் தபால் செலவும் காப்புறுதியும் டொலரில் வரும். மொத்தச் செலவு பொருளின் விலையில் பெரும் பகுதியை விழுங்கும் என்றால் அனுப்புவதில் அர்த்தமில்லை. சில நிறுவனங்கள் படத்தைப் பார்த்துக் குறைந்த கட்டணத்தில் ஆரம்ப அபிப்பிராயம் சொல்கின்றன. அது சான்றிதழ் ஆகாது. என்றாலும் போலி என்று அங்கேயே தெரிந்துவிட்டால் மீதிச் செலவு மிச்சம். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறையும். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் கோப்பாக அனுப்புங்கள்.

பொருளையே அனுப்புவதானால், இரண்டு பக்கமும் படம் எடுத்து, பின்தொடரக்கூடிய தபாலில் காப்புறுதியோடு அனுப்புங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கிய பொருள் என்று கருதி வரி கேட்கப்படாமல் இருக்க, அனுப்பிய பற்றுச்சீட்டையும் நிறுவனத்தோடு நடந்த கடிதத் தொடர்பையும் வைத்திருங்கள். அனுப்புவதற்கு முன் சுங்கத்திடம் விசாரிப்பது இன்னும் நல்லது. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வந்து திரும்பும்போது கையோடு கொண்டுபோய் அங்கிருந்து அனுப்புவதே பல குடும்பங்களுக்கு வசதியான வழி. நம் காலநிலையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் பொருளை அமிலமற்ற உறையில் இட்டு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். லமினேற் செய்வதைக் கனவிலும் நினைக்காதீர்கள். லமினேற் செய்த தாளில் மையையும் தாளையும் எந்த நிபுணராலும் சரியாகப் பார்க்க முடியாது.

இனி ஒரு கலைஞரிடம் நானே வாங்கினால், பிற்காலத்தில் யாரும் சந்தேகப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனையிலோ ஒரு கச்சேரி நடந்து, கலைஞர் ஒப்பமிடச் சம்மதித்தால், கூட வந்தவரைக் கைப்பேசியில் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். கையும் பேனாவும் தாளும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். கலைஞரின் முகத்தை மட்டும் எடுத்தால் பயனில்லை. நுழைவுச்சீட்டை எறியாதீர்கள். அன்று இரவே ஒரு தாளில் திகதி, இடம், கூட இருந்தவர்கள், பேனாவின் வகை ஆகியவற்றை எழுதிப் பொருளோடு சேர்த்து வையுங்கள். ஓட்டோகிராப் புத்தகத்தில் வாங்கினால் பக்கத்தைக் கிழித்து எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களே அதற்குச் சாட்சி. தமிழ்க் கலைஞர்களுக்கு நம்பகமான ஒப்பீட்டுத் தொகுப்பு ஒன்று என்றாவது உருவானால், அது இப்படி எடுக்கப்பட்ட காணொளிகளிலிருந்தே உருவாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்கிய பொருள் போலி என்று தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை விளம்பரத்தையும் உரையாடலையும் பணம் செலுத்திய பதிவையும் சேமியுங்கள். விற்றவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதால், முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வணிக நிறுவனம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் 1977 என்ற இலக்கத்தின் ஊடாக முறையிடலாம். ஊர்க்காரர் ஒருவரிடம் வாங்கியது என்றால் மத்தியஸ்த சபை செலவில்லாத வழி. தெரிந்தே ஏமாற்றியதற்கு ஆதாரம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். எந்த வழியில் பணம் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தப் பொருளை இன்னொருவருக்கு விற்காதீர்கள். பின்புறத்தில் "கையொப்பம் போலி" என்று அழியாத மையால் எழுதி வைத்துவிடுங்கள்.